பச்சை உடம்பும் பச்சை உள்ளமும்

தாயைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. கோலாலம்பூரில் நடைபெறும் இலக்கிய விழாவாயினும், கிள்ளானில் நடைபெறும் பள்ளி ஆண்டு விழாவாயினும், தாய்மையைத் தெய்வ நிலைக்கு உயர்த்தி முழங்கும் சொற்பொழிவு ஒன்றேனும் இல்லாமல் நிகழ்ச்சி நிறைவு பெறுவதில்லை. கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆயினும், பிள்ளை பெற்று இருபது நாள் கடந்த பெண்ணொருத்தி, "இந்தக் குழந்தையைத் தூக்கவே எனக்கு மனம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது" என்று வாய் திறந்து சொன்னால், அதே சமுதாயம் அவளை எவ்வாறு நோக்குகிறது? "பெற்ற தாயா இப்படிப் பேசுவது!" என்று ஒரு குரல் எழும். "எதையோ கண்டு பயந்திருக்கிறாள்" என்று மற்றொரு குரல் எழும். "வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள்" என்று மூன்றாவது குரலும் எழும். "மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்" என்னும் குரல் மட்டும் எளிதில் எழுவதில்லை. எழுந்தாலும் மிகவும் பிந்தியே எழுகிறது.

மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்குப் பெயர் உண்டு, அறிகுறிகள் உண்டு, தீர்க்கும் மருத்துவமும் உண்டு. அதனைத் தாய்மையின் குறை என்று பழிப்பது அறியாமை. தாய்மை பற்றிய புகழுரைகளே நோயுற்ற தாயின் வாய்க்குப் பூட்டாக மாறியிருப்பது அதனினும் கொடுமை. அந்தப் பூட்டைத் திறக்க வேண்டிய கடமை தமிழாசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் பெரிதும் உண்டு. ஏனெனில் அப்பூட்டுச் சொற்களால் செய்யப்பட்டது.

மொழி அறிந்த ஒரு பாதி

பிள்ளை பெற்றவளைத் தமிழர் 'பச்சை உடம்புக்காரி' என்பர். எத்துணை நுட்பமான சொல்! ஆறாத புண்ணை உடையவள், காற்றும் குளிரும் படாமல் காக்கப்பட வேண்டியவள் என்னும் பொருளனைத்தும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. அச்சொல்லுக்கேற்ற செயலும் வீடுகளில் நிகழ்கிறது. பூண்டும் மிளகும் பெருங்காயமும் சேர்த்த பத்தியச் சமையல், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட வெந்நீர்க் குளியல், சாம்பிராணிப் புகை, வயிற்றைச் சுற்றிய துணிக்கட்டு, வேளை தவறாத மருந்துருண்டை எனப் பாட்டிமார் அவ்வுடம்பைப் பேணுகின்றனர். இவற்றுள் ஓய்வும் சூடான உணவும் பிறர் துணையும் உண்மையிலேயே நன்மை பயப்பவை. அவற்றைப் பழிப்பதற்கில்லை.

எனினும், பச்சை உடம்பு என்று சொல்லத் தெரிந்த மொழி, பச்சை உள்ளம் என்று ஏன் சொல்லவில்லை? உடம்பு ஆறுவதற்கு நாற்பது நாள் ஒதுக்கிய சமுதாயம், உள்ளம் ஆறுவதற்கு ஒரு நாளேனும் ஒதுக்கியதா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் வட்டாரக் குடியிருப்புகளிலும் அன்றாடம் நிகழும் ஒரு காட்சியை எண்ணிப் பார்த்தல் தகும். அரசாங்கச் சுகாதார நிலையத்துத் தாதி வீடு தேடி வருகிறார். குழந்தைக்கு மஞ்சள் காமாலை உண்டா, தொப்புள் காய்ந்ததா, பால் போதுமா என வினவுகிறார். தாயின் தையலையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார். "அம்மா எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும், அருகில் நிற்கும் மாமியாரோ தாயோ முந்திக்கொண்டு, "நன்றாக இருக்கிறாள்" என்று விடை பகர்கிறார். கேள்விக்குரியவள் தலையாட்டுகிறாள். பொய் சொல்ல வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. ஆயினும் உண்மை வெளிப்படுவதற்கு இருந்த ஒரு வாயில் அங்கே அடைபட்டுவிடுகிறது.

மூவகைத் துயரம்

மகப்பேற்றுக்குப் பின் வரும் மனத்துயரம் அனைத்தும் ஒன்றல்ல. மூன்றாகப் பகுத்து அறிவது இன்றியமையாதது.

முதலாவது, பிள்ளை பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் தோன்றும் கலக்கம். தாய்மாருள் பாதிக்கு மேற்பட்டோர் இதனை அடைகின்றனர். காரணமின்றிக் கண்ணீர் வரும். சிறு சொல்லும் புண்படுத்தும். ஓய்வும் அன்பும் கிடைத்தால் இரு வாரத்திற்குள் இது தானே அகலும். இதற்கு மருந்து வேண்டுவதில்லை.

இரண்டாவது, இரு வாரம் கடந்தும் அகலாத மனச்சோர்வு. நாளின் பெரும்பகுதியும் துயரம் கவ்வி நிற்கும். முன்பு மகிழ்வு தந்தவை எவையும் மகிழ்வு தரா. குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராது. பசி மாறும். "நான் நல்ல தாய் அல்லள்" என்னும் குற்ற உணர்வு அரிக்கும். குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்னும் அச்சம் ஓயாது. குழந்தையின்பால் பற்றே தோன்றாமல் போவதும் உண்டு. இறந்துவிடலாம் என்னும் எண்ணம் தலைகாட்டுவதும் உண்டு. இது கருவுற்றிருக்கும்போதே தொடங்கலாம். பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் எப்போதும் தோன்றலாம். மகப்பேற்றையடுத்து உடலின் இயக்குநீர்கள் திடீரெனக் குறைதல், தொடர்ந்த உறக்கமின்மை, முன்பே இருந்த மனச்சோர்வு, வறுமை, இல்லத்து வன்சொல், வன்செயல், துணையின்மை ஆகியவை இதற்கு வழிகோலுகின்றன.

மூன்றாவது மிக அரியது, மிகக் கொடியது. ஆயிரம் மகப்பேறுகளில் ஒன்றிரண்டில் மட்டுமே காணப்படுவது. பெரும்பாலும் முதல் இரு வாரங்களுக்குள் திடுமெனத் தோன்றும். இல்லாத குரல் கேட்கும். இல்லாத உரு தோன்றும். நாளும் பொழுதும் குழம்பும். குழந்தை தன்னுடையதன்று என்றோ தெய்வத்தின் கட்டளை வந்தது என்றோ பேச நேரும். இந்நிலையில் தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு நாள் தாழ்த்துவதும் ஆபத்து. இக்கட்டத்தில்தான் பல குடும்பங்கள் மந்திரித்துக் கயிறு கட்டுவோரைத் தேடி அலைந்து, கிடைத்தற்கரிய நேரத்தை இழக்கின்றன.

"மேல்நாட்டு நோய்" என்னும் மயக்கம்

"இஃது ஆங்கிலேயர் நோய், செல்வர் வீட்டு நோய். தோட்டத்தில் பத்துப் பிள்ளை பெற்றுப் பால்மரமும் சீவிய பாட்டிக்கு இது வந்ததா?" என்று கேட்போர் பலர். இவ்வினாவுக்கு விடை வேலூரிலிருந்து வந்துவிட்டது. தமிழ்நாட்டில் வேலூர்ப் பகுதிச் சிற்றூர்களைச் சேர்ந்த 359 தாய்மாரை, கருவுற்ற இறுதி மாதங்களிலும் பிள்ளை பெற்ற 6 முதல் 12 வாரத்திற்குள்ளும் கண்டு ஆராய்ந்த மருத்துவர் குழு, 2002-ஆம் ஆண்டில் தன் முடிவுகளை வெளியிட்டது. 11 விழுக்காட்டினர் பிள்ளை பெற்ற பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாயினர். அவர்கள் செல்வர் வீட்டுப் பெண்களல்லர். ஆங்கிலம் பேசும் பெண்களுமல்லர். தமிழ் மண்ணின் உழைக்கும் பெண்கள். அந்நோய்க்கு வழிகோலியவை எவை? குறைந்த வருமானம், ஆண் மகவை எதிர்பார்த்த வீட்டில் பெண் மகவு பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்து இடர்கள், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவை என அவ்வாய்வு காட்டியது.

இப்பட்டியலைக் காணும் தமிழாசிரியர்க்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வராமல் போகாது. அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார் அவர். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பெண் பிறந்ததென்று முகம் சுளித்தல் இளிவு. கருவுற்ற காலத்தில் நேர்ந்த இழப்பு இழவு. குறைந்த வருமானம் வறுமை. அசைவு என்பதை, முன்னைய நிலை குலைந்து வேறாகி வருந்துதல் என உரை வகுத்தனர். பிள்ளை பெற்றவளின் நிலையை இதனினும் செவ்வனே யார் விளக்க இயலும்? கண்ணீருக்குக் காரணம் உண்டு, அக்காரணத்தை வகைப்படுத்த இயலும் என்று கண்ட மரபு தமிழ் மரபு. அம்மரபின் வழிவந்தோர், கண்ணீர் விடும் தாயைக் கண்டு காரணம் தேடாமல் "பேய்" என்று சொல்வது மரபுக்கே இழுக்காகும்.

மலேசியாவின் நிலையும் கருதத் தக்கது. 2016-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் பிள்ளை பெற்ற தாய்மாருள் 4.4 விழுக்காட்டினர்க்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் ஆய்விலோ அது 11 விழுக்காட்டையும் தாண்டியது. பத்துத் தாய்மாருள் ஒருவர் என்பது எங்கோ உள்ள ஒருவரைப் பற்றிய கணக்கன்று. ஒரே அடுக்குமாடியில், ஒரே தெருவில், ஒரே ஆசிரியர் அறையில் உள்ள ஒருவரைப் பற்றிய கணக்கு.

இனி, அந்தத் தோட்டத்துப் பாட்டிக்கு நோய் வரவே இல்லை என்று எவர் கண்டார்? அவளை எவரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு விடை பதிவாவதில்லை. தோட்டத்தில் அவளுக்கு இருந்த ஒன்று இன்று இல்லை என்பதையும் மறத்தற்கில்லை. லயத்து வீடுகளில் அடுத்த வீட்டு அக்காளும் எதிர் வீட்டு அத்தையும் குழந்தையை ஏந்தினர். வேலைக்குச் செல்கையில் ஆயாக் கொட்டகை இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபின், மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். பன்னிரண்டாவது மாடியில், கதவடைத்த வீட்டில், கணவன் இரவு வேலைக்குச் சென்றபின், பெற்ற தாய் சுங்கை சிப்புட்டிலோ தைப்பிங்கிலோ இருக்க, ஒரு பெண் தன்னந்தனியே விடியும்வரை அழும் குழந்தையோடு விழித்திருக்கிறாள். ஒரு தோட்டமே சுமந்த சுமையை அவள் ஒருத்தி சுமக்கிறாள். பாட்டியோடு அவளை ஒப்பிடுவது நீதியாகுமா?

அச்சத்தின் முகவரி

மற்றொரு தடை, பெயரால் வந்த தடை. பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்வூரின் பெயரே மலேசியத் தமிழரிடையே ஏச்சாகிவிட்டது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று விளையாட்டாகச் சொல்லும் சொல், நோயுற்ற பெண்ணின் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்கிறது. மருத்துவரிடம் சென்றால் அங்கே அடைத்துவிடுவர், குழந்தையைப் பிரித்துவிடுவர், நாத்தனாருக்கு வரன் அமையாது என்றெல்லாம் அவள் அஞ்சுகிறாள்.

உண்மை வேறு. மனச்சோர்வுற்ற தாய்மாருள் மிகப் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே நலம் பெறுகின்றனர். கோலாலம்பூர் மருத்துவமனையிலும், லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் ஏனைய பிரிவுகளோடு ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. அதற்கு முன்னரே, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில், குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைக் காணலாம். ஒரு வெள்ளிக்கு எட்டும் மருத்துவத்தை, ஓர் ஏச்சுச் சொல் எட்டாமற் செய்துவிட்டது.

"மருந்து உண்டால் பால் கெட்டுவிடும்" என்பது இன்னொரு வாதம். இலேசான சோர்வுக்கு, பயிற்சி பெற்றவரோடு முறையாக உரையாடும் மருத்துவமே பலருக்குப் போதும். மருந்து தேவைப்பட்டால், செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன என்பது அறியப்பட்ட செய்தி. எம்மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பாலூட்டுவதை அவரிடம் தெரிவித்தல் வேண்டும். தானே மருந்தை நிறுத்துவதுதான் தவறு. உண்ணாமலும் உறங்காமலும் உருக்குலையும் தாயால் பாலூட்டலும் தடைப்படும் என்பதை இவ்வாதம் புரிவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சட்டம் ஒப்பியது, சமுதாயம் மறுப்பது

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஏ பிரிவு ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டுள்ளது. பிள்ளை பெற்றதன் விளைவிலிருந்து முற்றும் மீளாத நிலையில், அதனால் மனத்தின் சமநிலை குலைந்து, தான் ஈன்ற பச்சிளங் குழந்தையின் சாவுக்குக் காரணமாகும் பெண்ணின் குற்றத்தைக் கொலையினின்று வேறாக அச்சட்டம் பிரித்துக் காண்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய சட்டம் 1922-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. மகப்பேறு ஒரு பெண்ணின் மனத்தைக் குலைக்கக்கூடும் என்று கடுமைக்குப் பெயர்பெற்ற சட்டமே ஒப்புக்கொள்கிறது. அன்புக்குப் பெயர்பெற்ற குடும்பம் ஒப்புக்கொள்ள மறுக்கிறது! குழந்தை இறந்த பின் நீதிமன்றம் ஏற்கும் உண்மையை, குழந்தை உயிரோடு இருக்கும்போதே வீடு ஏற்றிருந்தால் ஈருயிர் பிழைத்திருக்குமே.

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவும் 2023-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. அதுவரை, உயிர் வெறுத்த தாய் தன் எண்ணத்தை வெளியிடவும் சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியிருந்தது. அவ்வச்சத்தை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அண்டை அயலாரின் நாவைக் கண்டு அஞ்சும் அச்சத்தை எந்த நாடாளுமன்றம் நீக்கும்?

ஐவர் கடனும் ஒருத்தி தலையில்

புறநானூற்றின் 312-ஆம் பாட்டைக் கற்பிக்காத தமிழாசிரியர் அரியர். பொன்முடியார் பாடியது அது. பெற்று வளர்ப்பது தாயின் கடன் என்று தொடங்கும் அப்பாட்டின் முதல் அடி மேடைதோறும் முழங்குகிறது. அப்பாட்டில் கடன் ஒன்று மட்டுமா உள்ளது? தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், வளர்ந்த மகனுக்கும் ஒரு கடன் என ஐந்து கடன்களை ஐவர்க்குப் பகிர்ந்தளித்தார் அப்புலவர். ஒரு பிள்ளை ஆளாவதற்கு வீடும் ஊரும் அரசும் பங்கேற்க வேண்டும் என்பதே அப்பாட்டின் அமைப்பு. முதற் கடனைப் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டு ஏனைய நான்கையும் மறந்த பிழை புலவருடையதன்று, கற்பித்தோருடையது.

இன்றைய வேந்தனாகிய அரசு தன் கடனில் ஒரு பகுதியைச் செய்துள்ளது. 2023 சனவரி முதல் வேலைச் சட்டத்தின்கீழ் மகப்பேற்று விடுப்பு 98 நாளாக உயர்ந்தது; தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. அந்த ஏழு நாளைத் தந்தையர் எவ்வாறு கழிக்கின்றனர்? வாழ்த்த வருவோர்க்குத் தேநீர் வாங்கி வருவதிலும், பெயர்சூட்டு விழாவுக்கு மண்டபம் தேடுவதிலும் கழிப்பாராயின் அவ்விடுப்பால் தாய்க்கு யாது பயன்? இரவில் நான்கு மணி நேரம் குழந்தையைத் தான் ஏந்தி, மனைவியை இடையறாது உறங்க விடும் கணவன், எந்த மருத்துவரும் எழுதித் தர இயலாத மருந்தைத் தருகிறான்.

கேட்கத் தெரிந்த சமுதாயம்

1987-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் பத்து எளிய வினாக்கள் கொண்ட ஒரு வினாநிரல் உருவாயிற்று. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, வீணே தன்னைக் குறைகூறிக் கொண்டதுண்டா, காரணமின்றி அஞ்சியதுண்டா, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதுண்டா என்னும் போக்கில் அமைந்தவை அவ்வினாக்கள். சில மணித்துளிகளில் விடையளித்துவிடலாம். அது நோயை முடிவு செய்வதன்று. மருத்துவரை நாட வேண்டியவர் எவர் என்பதைக் காட்டுவது. மலாய் மொழியில் 2003-ஆம் ஆண்டிலும், தமிழில் 2005-ஆம் ஆண்டிலும் அது சரிபார்க்கப்பட்டது. எனவே, தமிழில் கேட்க வழியில்லை என்னும் சாக்கும் இல்லை. கேட்க மனமில்லாமைதான் எஞ்சியுள்ளது.

பெரும் மருத்துவர் படை வேண்டும் என்பதும் இல்லை. பாகிஸ்தான் நாட்டுச் சிற்றூர்களில், பள்ளிப் படிப்பளவே கற்ற சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற தாய்மாரை வீடு தேடிச் சென்று உரையாடச் செய்தனர். 2008-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு வியப்பளிப்பது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவ்வுரையாடலைப் பெற்ற தாய்மாருள் 23 விழுக்காட்டினரே நோய் நீங்காதிருந்தனர்; பெறாதோருள் 53 விழுக்காட்டினர் நோயோடிருந்தனர். முறையறிந்து கேட்டதும் பேசியதும் செய்த வேலை இது. சிற்றூர்ப் பெண்களால் இயன்றது, கற்றோர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் மகளிர் மன்றங்களாலும், கிள்ளான் ஆலய மண்டபங்களில் கூடும் பெண்களாலும் இயலாதா?

ஆகவே, வீட்டார் செய்ய வேண்டியது இது. தாதி வரும்போது சிறிது நேரம் தாயைத் தனியே பேச விடுக. இரு வாரம் கடந்தும் சோர்வு நீங்காவிடில் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க. "உனக்கு வந்திருப்பது நோய், உன் குற்றமன்று, இது தீரும்" என்னும் மூன்று உண்மைகளையும் அவள் காதில் விழுமாறு சொல்க. இறக்கும் எண்ணம் இருந்தால் தனியே விடாதீர். சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555. 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929. இரவும் பகலும் அங்குச் செவிசாய்ப்போர் உள்ளனர். உடனடி ஆபத்தெனில் 999.

ஆசிரியர் செய்ய வேண்டியதும் உண்டு. தம்பி பிறந்தபின் தலை வாராமலும் உணவு கொணராமலும் வரும் மாணவியைக் கண்டிக்குமுன், வீட்டில் தாயின் நிலை என்ன என்று வினவுக. விடுப்பு முடிந்து திரும்பும் ஆசிரியையிடம் குழந்தையின் எடையைக் கேட்பதோடு நில்லாமல், அவர் உறங்கினாரா என்றும் கேட்க. அன்னையைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, அன்னையும் களைப்பாள், கலங்குவாள், நோயுறுவாள் என்றும் எழுத இடந்தருக. எழுத்தாளரோ, தியாகத்தின் திருவுருவமாகவே தாயைப் படைத்துப் பழகிய பேனாவைச் சற்றே திருப்பி, உதவி கேட்கும் தாயையும் கதையில் நடமாட விடுக. கதையில் ஒருத்தி கேட்டால், வாழ்வில் ஒருத்திக்குக் கேட்கத் துணிவு பிறக்கும்.

தாயைத் தெய்வம் என்றது போதும். தெய்வத்துக்கு நோய் வாராது. அதனால் தெய்வத்தை எவரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை. தாய் மனிதப் பிறவி. அவள் உடம்பு பச்சையாக இருந்த நாளில் கதவைச் சார்த்திக் காற்றைத் தடுத்த கைகள், அவள் உள்ளம் பச்சையாக இருக்கும் நாளில் கதவைத் திறந்து மருத்துவத்தை உள்ளே அழைக்கட்டும்.